லெவன் ஏறாத லப்டொப்

கல்முனை பஸாரில் கணினி திருத்தும் கடைகளுக்குப் போய் வருகிறவர்கள் ஒரே வசனத்தைக் கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள்: "சேர், இது பழைய ஜெனரேஷன். இதுக்கு லெவன் ஏறாது." சொல்கிற பையன் பொய் சொல்லவில்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசெஸர்களை அனேகமாக ஏற்பதில்லை. டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லும் உள்ளே இருக்கவேண்டும் என்கிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017இல். கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்ததும், மகளின் ஏ/எல் படிப்புக்கென்று செக்கன்ட்ஹேண்டில் வாங்கியதும் அனேகமாக அதற்கு முந்தியவை.

முதலில் பயத்தைத் தெளிப்போம். ஆதரவு நின்றுவிட்டது என்றால் லப்டொப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நேற்று எரிந்த திரை இன்றும் எரியும். நின்றுபோனது ஓட்டை அடைக்கும் வேலை மட்டும்தான். ஒரு மென்பொருளில் மாதாமாதம் புதுப்புது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்கள்தான் 'அப்டேட்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்தன. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை அந்தத் திருத்தங்களைப் பெற ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும்.

ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரெம் உள்ள கணினி பாடம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் தாராளமாகப் போதும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதென்றால், 2022க்குப் பிறகு டொலர் ஏறிய ஏற்றத்தில் அது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. ஆகவே சிலர் விண்டோஸ் 11ஐக் குறுக்குவழியில் ஏற்றுகிறார்கள். சிலர் பத்திலேயே இருந்துவிடுகிறார்கள். "லினக்ஸ் போட்டுப் பாருங்களேன்" என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் மாறுகிறது. "அதெல்லாம் எஞ்சினியர்மாருக்கு" என்கிறார்கள். அப்படித்தானா என்று தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாகப் பார்ப்போம்.

இயங்குதளம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு வட்டவிதானை யார் என்று விளக்கத் தேவையில்லை. கல்லோயாத் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேர்ந்ததும் ஆளாளுக்கு வெட்டித் திறந்தால் தலைமாட்டு வயலுக்கு வெள்ளம், கடைசி வயலுக்கு வெடிப்பு. யாருக்கு எப்போது எவ்வளவு என்று முறை வைத்து விடுகிறவர் வட்டவிதானை. கணினிக்குள்ளும் பங்கு போட வேண்டியவை அளவாகத்தான் இருக்கின்றன: புரொசெஸரின் நேரம், ரெம்மின் இடம், டிஸ்க், வைஃபை, பிரின்டர். குரோமும் வேர்டும் சூமும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு நிற்கின்றன. முறை வைத்துக் கொடுக்கும் நடுப்பகுதியைக் கேர்னல் என்கிறார்கள். வயலுக்கு உரியவர் தண்ணீரைத்தான் பார்க்கிறார், வட்டவிதானை எந்த நேரத்தில் எந்த வாய்க்கட்டில் நின்றார் என்று பார்ப்பதில்லை. நாமும் அப்படித்தான், கேர்னலை ஒருநாளும் பார்ப்பதில்லை.

விண்டோஸுக்குள் ஒரு கேர்னல் இருக்கிறது, அப்பிளின் கணினிகளுக்குள் வேறொன்று. லினக்ஸ் என்பதும் கண்டிப்பாகச் சொன்னால் ஒரு கேர்னலின் பெயர்தான். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார், அப்போது அவருக்கு 21 வயது. சுற்றியிருக்கவேண்டிய கருவிகள் பலவற்றை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தார் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்து, மேலே திரை, மெனு, பிரவுசர், எழுதும் மென்பொருள் எல்லாவற்றையும் வைத்துக் கட்டி ஒரே பொதியாகத் தருவதுதான் 'டிஸ்ட்ரோ'. டெபியன் 1993இலிருந்து இருக்கிறது, உபுண்டு 2004இல் வந்தது, லினக்ஸ் மின்ட் 2006இல். உபுண்டுக்காரர்கள் 2011 வரை, கேட்டவர்களின் முகவரிக்கு சீடியை இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இணையம் ஆமை வேகத்தில் ஊர்ந்த காலம் அது. அந்த சீடி உறைகள் இங்கே சில வீட்டு அலுமாரிகளில் இன்னும் கிடக்கக்கூடும்.

திறந்த மூலம் என்பது என்ன? வட்டவிதானையின் கணக்குக் கொப்பி வட்டையில் உள்ள எல்லாரும் புரட்டிப் பார்க்கக்கூடியதாக இருந்தால் எப்படியோ, அப்படி. எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று யாரும் வாசிக்கலாம், படியெடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது அந்த மாற்றத்தையும் திறந்தே கொடுக்கவேண்டும் என்பது லினக்ஸ் கேர்னலின் உரிமத்தில் உள்ள நிபந்தனை. நாம் யாரும் அந்தக் கொப்பியைப் புரட்டப் போவதில்லைதான். புரட்டக்கூடிய நாலு பேர் உலகில் எங்கோ இருக்கிறார்கள் என்பதில்தான் நமக்குப் பயன்.

"எல்லாரும் பார்க்கலாம் என்றால் கள்ளனும் பார்ப்பானே?" நியாயமான கேள்வி. கள்ளன் வரத்தான் செய்கிறான். 2024இல் லினக்ஸில் பரவலாகப் பாவிக்கப்படும் எக்ஸ்இஸட் என்ற சின்னக் கருவிக்குள் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேலாக நல்லவராக நடித்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, ஒரு கள்ள வாசலை வைத்துவிட்டார். அதைப் பிடித்தவர் அன்ட்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர். வேறொரு கணினிக்குள் நுழையும்போது வழமையைவிட அரைச் செக்கன் அளவு தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டு, மூலத்தைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். பரவலாகப் போய்ச் சேருமுன்னே விஷயம் அம்பலமாகிவிட்டது. அவர் வேலை செய்தது மைக்ரோசொப்டில் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். கொப்பி திறந்திருந்ததால்தான் தோண்ட முடிந்தது. ஆனால் தோண்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இதெல்லாம் நமக்கு எட்டாத தூரத்து விஷயம் என்று நினைத்தால், சட்டைப் பையில் இருக்கும் போனை எடுத்துப் பாருங்கள். அன்ட்ரொயிட் போன் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது லினக்ஸ் கேர்னல். வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரூட்டர்களில் பெரும்பாலானவற்றிலும் அதுதான். உலகின் மிக வேகமான 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸைத் தவிர வேறு இயங்குதளமே கிடையாது. மேசைக் கணினியில் மட்டும் கதை தலைகீழ். உலகம் முழுவதிலும் நூற்றுக்கு நாலைந்துதான்.

நம் கரையோரத்துக்கு இன்னும் நெருக்கமான சங்கதி ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று வரிசையாக வீடுகள் போயின. யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்தப் பிள்ளையை யார் தேடுகிறார், எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்ற விபரங்கள் துண்டுக் கடதாசிகளில் சிதறிக் கிடந்தன. இதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க ஒரு மென்பொருளைக் கொழும்பில் இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் எழுதினார்கள். அதுதான் சஹானா. லங்கா சொப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் ஆதரவோடு, முழுக்கத் திறந்த மூலக் கருவிகளை வைத்து அதை வளர்த்தார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அதையே எடுத்துப் பாவித்தார்கள். 2006இல் பிலிப்பைன்ஸில் மண் சரிந்தபோதும் அது போயிற்று. யாரும் யாரிடமும் உரிமம் கேட்கவில்லை, காசு கட்டவில்லை. சமூகப் பயனுக்கான திட்டம் என்று 2006ஆம் வருட விருதை ஃப்ரீ சொப்ட்வெயார் ஃபவுண்டேஷன் சஹானாவுக்குக் கொடுத்தது. நம் துக்கத்தில் பிறந்த ஒன்று மற்றவர்களின் துக்கத்துக்கு இப்படி உதவியிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சரி, இனி எல்லாரும் இடறுகிற இடத்துக்கு வருவோம். "லினக்ஸ் கஷ்டம்" என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

உங்கள் கணினியில் விண்டோஸைப் போட்டது யார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் இல்லை. கடைப் பையன். பாமினி எழுத்துருவை ஏற்றியதும் அவன்தான், வேர்டைப் போட்டதும் அவன்தான், பிரின்டரைப் பிடித்துக் கொடுத்ததும், படம் பார்க்க விஎல்சி போட்டதும், குரோமை முன்னால் வைத்துத் தந்ததும் அவன்தான். வேகம் குறைந்தால் தூக்கிக்கொண்டு போகிறோம், 'ஃபோர்மட்' அடித்து மறுநாள் தருகிறான். நம்மிடம் வந்து சேர்வது சமைத்துப் பரிமாறிய விண்டோஸ். லினக்ஸைத் தொட்டவர்களோ, இரவு பதினொரு மணிக்கு யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தாங்களே ஏற்றியவர்கள். வைஃபை வராமல் அரை இரவு போயிருக்கும். வேறொருவர் ஏற்றித் தந்த விண்டோஸையும் தானே ஏற்றிய லினக்ஸையும் பக்கத்தில் வைத்து, "இது சுகம், அது கஷ்டம்" என்று சொன்னால் அந்த ஒப்பீடு எப்படிச் சரியாகும்? விண்டோஸின் சுகம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு கல்முனைப் பையன்மாரின் உழைப்பு.

ஒரே அளவுகோலில் அளந்து பார்ப்போம். எல்லாம் ஏற்றி, பிரின்டர் பிடித்து, தமிழ் விசைப்பலகை வைத்து, குரோமை முன்னால் நிறுத்திய லினக்ஸ் மின்ட் கணினி ஒன்றை ஓய்வுபெற்ற ஒரு ரீச்சருக்கு முன்னால் வையுங்கள். இடப்பக்க மூலையில் மெனு, கீழே பட்டை, வலப்பக்க மூலையில் மணிக்கூடு. குரோமை அழுத்தினால் குரோம்தான் வரும். அதற்குள் யூடியூப், வட்ஸ்அப் வெப், மின்னஞ்சல், பேப்பர் எல்லாம் பழையபடியே. அவருக்குப் புதிதாகப் படிக்க வேண்டியது அனேகமாக ஒன்றுமில்லை, ஏனென்றால் அவர் பாவித்துக்கொண்டிருந்தது உண்மையில் பிரவுசரைத்தான். ஆக, கஷ்டம் இருப்பது ஏற்றுவதில். பாவிப்பதில் அவ்வளவு இல்லை. விண்டோஸை முதல் தடவை நாமே ஏற்றினாலும் அதே கஷ்டம் வரும்.

"ஆனால் கறுப்புத் திரையில் என்னென்னவோ எழுத்து அடிக்கிறார்களே?" என்பீர்கள். லினக்ஸ் பற்றி இணையத்தில் எதைத் தேடினாலும் விடை அந்தக் கறுப்புத் திரைக் கட்டளையாகத்தான் வருகிறது என்பது மெய். காரணம் எளியது. ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் மெனு ஒவ்வொரு மாதிரி. "இடப்பக்கம் மூன்றாவது பொத்தானை அழுத்துங்கள்" என்று எழுதினால் பாதிப் பேருக்கு அந்தப் பொத்தானே இருக்காது. ஒரே குடும்பத்து டிஸ்ட்ரோக்களில் கட்டளை மட்டும் அனேகமாக ஒன்றாக இருக்கும், வெட்டி ஒட்டினால் போதும். உதவி செய்கிறவருக்கு அது சுலபம், அதனால் எழுதுகிறார்கள். மின்டில் ஒரு மென்பொருளைப் போட, போனில் பிளே ஸ்டோரைத் திறப்பதைப்போல 'சொப்ட்வெயார் மெனேஜரை'த் திறந்து, தேடி, அழுத்தினால் வேலை முடிந்தது. கறுப்புத் திரையைத் திறக்காமலே வருடக்கணக்கில் காலம் தள்ளலாம்.

இவ்வளவும் சொன்னதால் நான் லினக்ஸ் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். தடைகள் உண்டு. அவை மக்கள் பயப்படும் இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலாவது வேர்ட். லினக்ஸில் மைக்ரோசொப்ட் ஒஃபிஸ் நேரடியாக ஏறாது. பதிலுக்கு லிப்ரே ஒஃபிஸ் வரும். கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும் அது தாராளம். ஆனால் இங்கே பாடசாலை ஆசிரியர்கள் தயாரிக்கும் வினாத்தாளை ஒருமுறை திறந்து பாருங்கள். வேர்டில் அட்டவணை, அதன்மேல் மிதக்கும் பெட்டி, பெட்டிக்குள் படம், பக்கத்தில் பாமினியில் வினா. லிப்ரே ஒஃபிஸில் அந்தப் பெட்டி இரண்டு வரி கீழே இறங்கிவிடும். நாலு பக்கத்தில் முடிந்த தாள் ஐந்தாம் பக்கத்துக்கு வழியும். தான் மட்டும் பாவிக்கிறவருக்கு இது பிரச்சினையில்லை. வலயத்துக்கும் பாடசாலைக்கும் கொமினிகேஷனுக்கும் இடையில் ஒரே கோப்பு ஏழெட்டுக் கை மாறுகிற ஆளுக்கு இது தினசரித் தலையிடி. அச்சடிக்க மட்டும் கொடுப்பதென்றால் பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கலாம், திருத்தச் சொல்லிக் கொடுக்க முடியாது.

பாமினியையே கொஞ்சம் கிட்டப் பார்ப்போம், ஏனென்றால் இங்கே தமிழ் அடிக்கிறவர்கள் பாதிப் பேருக்கு மேல் இன்னும் அதிலேதான். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கணினிக்குத் தமிழே அல்ல. ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துரு இருந்தால் அவை தமிழ் உருவம் எடுக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலக் குழப்பம். லினக்ஸில் பாமினியைத் திறந்து குழப்பத்தைக் கண்டவர்கள் "லினக்ஸ் தமிழைக் காட்டாது" என்று கிளப்பிவிட்டார்கள். குறை லினக்ஸில் இல்லை. அந்த எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து ஏற்றிவிட்டால் அதே விரல், அதே விசை, அதே பாமினி. யூனிகோட் தமிழோ எழுத்துரு ஏற்றாமலே தெரியும். தமிழ்99, ஒலிமுறை, நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகை எல்லாம் லினக்ஸுக்குக் கிடைக்கின்றன. திரை மெனுக்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம், தன்னார்வலர்கள் இருபது வருடத்துக்கு மேலாக மொழிபெயர்த்து வருகிறார்கள். ஆனாலும் முதல் வருடம் ஆங்கிலத்திலேயே விடுங்கள் என்பேன். உதவிக்கு வருகிற ஆளுக்குப் பழகியது ஆங்கில மெனுதான்.

இரண்டாவது பிரின்டர். ஹெச்பியின் பெரும்பாலான பிரின்டர்கள் வயரைச் செருகிய கையோடு பேசும். புதிய மொடல்கள் பல தயாரிப்பாளரின் தனி மென்பொருளே இல்லாமல் அச்சடிக்கும். ஆனால் கடை கந்தோர் எல்லாவற்றிலும் சளைக்காமல் உழைக்கும் கெனன் எல்பிபி 2900 இருக்கிறதே, அது பேசுவது கெனனின் தனி மொழி. லினக்ஸுக்கென்று கெனன் கொடுத்த பழைய டிரைவரோடு மல்லுக்கட்டி வென்றவர்களும் உண்டு, கைவிட்டவர்களும் உண்டு. அந்த பிரின்டரை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர் அவசரப்படாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, தொழில் மென்பொருள். கல்யாண அல்பம் செய்யும் ஸ்டூடியோவுக்கு ஃபோட்டோஷொப் வேண்டும், வீட்டுப் படம் வரைகிறவருக்கு ஓட்டோகேட் வேண்டும், கடையின் பில் போடும் மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டிருக்கும். இவர்களுக்கு லினக்ஸ் இன்றைக்குப் பொருந்தாது. பதிலாக இது இருக்கிறது அது இருக்கிறது என்று சொல்லிச் சமாளிப்பது அவர்களின் வருமானத்தோடு விளையாடுவதாகும். வலோரன்ட் விளையாடுகிற மகனுக்கும் இதே பதில்தான்.

பெரிய இடங்களில் நடந்ததும் இதைத்தான் காட்டுகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்து வருடத்தில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று முடிவெடுத்தது. அரசியலும் அதில் இருந்தது, வெளியாரோடு கோப்புப் பரிமாறும் தொல்லையும் இருந்தது. கேரளத்து அரசுப் பாடசாலைகளில் கதை வேறு. அங்கே பிள்ளைகள் ஏறத்தாழ இருபது வருடமாகத் திறந்த மூல இயங்குதளத்தில்தான் கணினிப் பாடம் படிக்கிறார்கள். உபுண்டுவை எடுத்து, மலையாளமும் பாடக் கருவிகளும் சேர்த்து, கைட் என்ற அரசு நிறுவனம் தன் பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. கேரளத்தார் அதிபுத்திசாலிகள் என்பதாலா அது நின்றது? ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப் புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள், பழுதானால் கேட்க ஓர் ஆளை வைத்தார்கள். பக்கத்தில் கை கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

காசு விஷயத்தையும் பேசியாகவேண்டும். விண்டோஸ் 11 ஹோம் உரிமத்தின் விலை 139 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 40,000 ரூபாயைத் தாண்டும். அந்தக் காசைக் கட்டி வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்? இலங்கையில் பாவிக்கப்படும் மென்பொருளில் பத்துக்கு எட்டு உரிமமற்றது என்று 2010களில் வந்த கைத்தொழில் துறைக் கணக்கெடுப்புகள் சொல்லின. 2003ஆம் வருடத்தின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம் என்பது ஒரு பக்கம். அதைவிட நடைமுறையில் நம்மைக் கடிப்பது வேறு. கிராக் அடித்த விண்டோஸில் அப்டேட் வந்தால் குட்டு வெளிப்படும் என்ற பயத்தில் அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறார்கள். 2017 மே மாதம் வன்னக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிக் கப்பம் கேட்டபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். லினக்ஸில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லாததால் அப்டேட்டுக்குப் பயப்படும் காரணமும் இல்லை. என்னைக் கேட்டால் 'இலவசம்' என்பதைவிட இதுதான் பெரிய லாபம்.

போட்டுப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று: போடாமலே பார்க்கலாம். எட்டு ஜிபி பெண்டிரைவ் ஒன்று போதும். லினக்ஸ் மின்டின் கோப்பு ஏறத்தாழ மூன்று ஜிபி, இரவு நேர டேட்டாவில் இறக்கிக்கொள்ளலாம். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருள் அதை பெண்டிரைவில் எழுதித் தரும், எழுதும்போது பெண்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பிறகு கணினியை அணைத்து, பெண்டிரைவைச் செருகி, மறுபடி போட்ட கையோடு டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டுங்கள். பெண்டிரைவைத் தெரிவு செய்தால் முழு இயங்குதளமும் அதிலிருந்தே ஓடும், உள்ளேயிருக்கும் விண்டோஸில் ஒரு துரும்பும் அசையாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமரா தெரிகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெண்டிரைவில் ஓடுவதால் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடுங்கள், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

மின்டுக்கு ஆகக் குறைந்தது இரண்டு ஜிபி ரெம் வேண்டும், நாலு இருந்தால் நல்லது. மிகப் பழைய கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைத் தேடுங்கள். மின்ட் 22க்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

எனது தீர்ப்பு இவ்வளவுதான். பிரவுசர், பாடம், படம், கடிதம் என்று போகிற வீட்டுக் கணினிக்கு, அதுவும் லெவன் ஏறாத கணினிக்கு, லினக்ஸ் நன்றாகப் பொருந்தும். வினாத்தாள் அடிக்கிற ஆசிரியர் விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஸ்டூடியோவும் பில் கடையும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

குறையாக இருப்பது கை கொடுக்க ஆள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. விடுமுறைக்கு வருகிறபோது ஒரு சனிக்கிழமை ஊர் நூலகத்திலோ பாடசாலை மண்டபத்திலோ உட்கார்ந்து, கொண்டுவருகிற பழைய லப்டொப்புகளைப் பார்த்துக் கொடுத்தால் பெரிய உதவி. கடைத் தம்பிமாரும் நானாமாரும் 'ஃபோர்மட்' அடிப்பதற்கு எடுக்கிற அதே கூலிக்கு மின்டையும் ஏற்றித் தரலாம். கேட்கிறவர் இருந்தால் அவர்கள் படித்துக்கொள்வார்கள். ஆகவே அடுத்த தடவை "இதுக்கு லெவன் ஏறாது" என்று சொன்னால், "மின்ட் ஏறுமா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்றச் சொல்வதற்கு முன் படங்களையும் கோப்புகளையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிடுங்கள். டிஸ்க் பிட்லொக்கரில் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். மகள் இந்த வருடம் ஏ/எல் எழுதுகிறாள் என்றால், பரீட்சை முடியும் மட்டும் அந்தக் கணினியில் கை வைக்கவே வேண்டாம்.